எக்கோ வைத்த ஒரு வார்த்தை

ஆவணி 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, வேர்வை மட்டும். ஆட்டோ மேலே கட்டியிருக்கும் இரண்டு குழாய் ஸ்பீக்கரில் ஒன்று கரகர. பிள்ளையார் சதுர்த்தி வேலை வருவதற்குள் பார்க்கணும். மின்தடை அறிவிப்பு ஒன்று, ஜவுளிக்கடை தள்ளுபடி ஒன்று. ஊர் சுற்றி மைக்கில் சொல்லணும், வாய்க்கு வேலை உண்டு.

இன்று மகள் நிவேதாவின் பெட்டிக்கு முதல் சோதனை. (இனி நி. என்றே எழுதுகிறேன். மில்லில் ஓசியில் கொடுத்த டைரி, பக்கம் சின்னது.)

பெட்டி என்றால் டிபன் டப்பா அளவு. உள்ளே ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர், என்னென்னவோ ஒயர். தறிக்கு மேலே மாட்டிவிட்டால் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டு பாவில் ஆயிரக்கணக்கில் இழை, எல்லாம் முடி கனம். ஒன்று அறுந்ததைக் கவனிக்காமல் நெய்தால் புடவையில் கோடு விழும். கடைக்காரன் தூக்கிப் போட்டுவிடுவான். பெட்டி அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். இதற்காக என் மகள் சென்னை வேலையை விட்டு வந்திருக்கிறாள். கம்பெனி என்கிறாள். கம்பெனி என்றால் அவள், ஒரு லேப்டாப், எங்கள் வீட்டு ஹால்.

சோதனைக்கு எத்தனையோ வீட்டில் கேட்டோம். சரி என்றது செல்வம் ஒருத்தன்தான். என்னைவிட இரண்டு வயசு சின்னவன், பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். நி. அவனைச் சித்தப்பா என்பாள். இப்போது அவன் தறியில் முகூர்த்தப் புடவை ஓடுகிறது. பெரணமல்லூர் குடும்பம், கடை வழியாக இல்லாமல் நேரே அவன் வீடு தேடி வந்து கொடுத்த ஆர்டர். ஐப்பசியில் கல்யாணம். செல்வத்துக்கு இப்படி நேர் ஆர்டர் இதுதான் முதல் தடவை. இது நல்லபடி முடிந்தால் நாலு பேர் சொல்லி நாலு பேர் வருவார்கள் என்று கணக்கு. அந்தத் தறியையே எங்களுக்குக் கொடுத்தான்.

பெட்டி இழை அறுந்தால் ‘பீப்’ என்று கத்தும். கத்தியது. செல்வம் போனை எடுத்துப் பார்த்தான். அவன் பெண்சாதி சாந்தி ஓடிப்போய் குக்கரை இறக்கினாள். நான் தெருவில் யாரோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிறான் என்று நினைத்தேன். அறுந்த இழை அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டு இருந்தது.

நி. சிரித்தாள். “ஃபர்ஸ்ட் வெர்ஷன்னா ஒடையணும்ப்பா. அப்பதான் எது தப்புன்னு தெரியும்.”

ஸ்பீக்கர் காயில் வாங்கணும். மாத்திரை தீர்ந்துபோச்சு.

ஆவணி 4, செவ்வாய்

பீப் வேண்டாம், பேசட்டும் என்று முடிவு. கம்ப்யூட்டரே பேசுகிற குரல் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். ‘இழை முறிந்துள்ளது, தயவுசெய்து கவனிக்கவும்.’

“யாரும்மா இவ, ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து எறங்கி வந்துட்டாளா?”

“அப்ப நீங்களே பேசுங்க.”

விளையாட்டுக்குச் சொன்னாள். நான் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் என் முகம் தெரியாதவன் உண்டு, குரல் தெரியாதவன் இல்லை. பத்தாவதில் இரண்டு தடவை கோட்டைவிட்டவனுக்கு ஆண்டவன் கொடுத்தது தொண்டை ஒன்றுதான்.

வார்த்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன். “முறிந்துள்ளது, கிறிந்துள்ளது எல்லாம் தாலுக்கா ஆபீஸ் நோட்டீஸ். ‘அறுந்துபோச்சு’ன்னு போடு. தூங்கறவனுக்கும் புரியும்.”

நி. கொஞ்சம் யோசித்தாள். “வேற எதுவும் அர்த்தம் வராதேப்பா?”

“நூல் அறுந்தா அறுந்துச்சுன்னுதான் சொல்லணும். பின்ன பூத்துச்சுன்னா சொல்வாங்க?”

ஏழெட்டு தடவை பேசிப் பதிவு. ஆட்டோவில் உள்ள எக்கோவையும் சேர்க்கச் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் பத்தாது, மூன்று தடவை சொல்லட்டும் என்றதும் நான்தான்.

என் பெண்சாதி விஜயா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். “சந்தி வேளையில அந்த வார்த்தைய ஏன் இத்தினி வாட்டி கத்திகினு கீற?”

“நூலைச் சொல்றேன்டி, உன்னை இல்ல.”

கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நானும் நி.யும் சிரித்தோம். டெக்னாலஜி தெரியாதவள் என்றேன்.

ஆவணி 5, புதன்

சாயந்திரம் நல்ல மழை. தெருவில் முட்டி வரைக்கும் தண்ணீர்.

குரல் வைத்த பெட்டி செல்வம் வீட்டில். நி. ஒரு இழையை வேண்டுமென்றே கத்தரித்தாள். என் குரல் கணீரென்று: அறுந்துபோச்சு, அறுந்துபோச்சு, அறுந்துபோச்சு. செல்வம் கால் வைத்து மிதிக்கிற தறிக்குழியிலிருந்து எழுந்தே விட்டான்.

சாந்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “ணா, உன் கொரல கேட்டா யாரு போயிட்டாங்கன்னுதான் கேக்கத் தோணுது.”

நியாயம்தான். ஊரில் சாவு விழுந்தால் ஆட்டோவில் தெருத் தெருவாகப் போய்ச் சொல்வது நான். ‘இயற்கை எய்தினார்’ என்பதில் ஒரு சின்ன இழுப்பு வைப்பேன், அதற்கென்றே கூப்பிடுவார்கள்.

பொய்க் கத்தல்: ஃபேன் காற்றில் பாவு ஆடினால் ஒன்று. ஜரிகை பளபளத்தால் ஒன்று. பல்லிக்கு ஒன்று. நி. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு, தறிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். முதுகு வலிக்கும். சொன்னால் கேட்க மாட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர்: “மணி, உனக்கு இன்னா, இனிமே வூட்டுக்கு வூடு பூந்து பேசுவ.”

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

ஆவணி 7, வெள்ளி

இன்று நிஜமாகவே ஒரு இழை, தானாக. செல்வம் பார்க்கவில்லை, பெட்டி பார்த்தது. உடனே நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டான். கோடு இல்லை. துணியைத் தடவித் தடவிப் பார்த்தான். “பாப்பா, இது மட்டும் சொல்லலன்னா நான் அப்பிடியே ஒரு சாண் நெய்ஞ்சிருப்பேன்.”

நி. வெளியே போய் நின்றாள். கண்ணைத் துடைத்தாளோ என்னவோ, நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

சென்னையிலிருந்து ஒரு மேடம் வருகிற வியாழக்கிழமை வருகிறார். புதுக் கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு வழி காட்டுகிற ஆபீஸாம். ஒரு வீட்டில், ஓடுகிற தறியில், நிஜமாக வேலை செய்வதைப் பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்த்துப் பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நி. மறுபடி வேலைக்குப் போகணும். கையில் இருந்ததெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது என்று விஜயாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

மேடத்துக்கு என்ன டிபன்? ஓட்டலா, வீடா? விஜயா இட்லி என்கிறாள்.

ஆவணி 9, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பெரணமல்லூரிலிருந்து புடவையைப் பார்க்க வருகிறார்கள் என்று செல்வம் சொல்லியிருந்தான். நான் வடை வாங்கிக்கொண்டு போனேன், டீக்கு. நி. வரவில்லை, தலைவலி. பெட்டி மட்டும் தறிமேல்.

கல்யாணப் பெண்ணின் அம்மா, அத்தை, இரண்டு பேர். மரியாதையான ஜனம். தட்டில் மஞ்சள், குங்குமம், பூ. செல்வம் புதுச் சட்டை போட்டிருந்தான். பெட்டியைக் காட்டி அவனே பெருமையாகச் சொன்னான். “நம்ம மணியண்ணன் பொண்ணு செஞ்சதுங்க. ஒரு இழை போனாலும் உட்டுடாது, வாய் தொறந்து சொல்லிடும்.”

“அட, சொல்லட்டும் சொல்லட்டும்” என்றார் அத்தை.

பெண்ணின் அம்மா குனிந்து, மகள் பேரைச் சொல்லி, நல்லபடியா இருக்கணும் என்று நெய்த புடவை மேல் பூ வைத்தார். அத்தை அதைப் போனில் படம் எடுத்தார். பிளாஷ் அடித்தது.

காற்றுக்குச் சரி செய்தோம், ஜரிகைக்குச் சரி செய்தோம், பல்லிக்குச் சரி செய்தோம். பிளாஷை யாரும் நினைக்கவில்லை.

பெட்டி மூன்று தடவையும் முழுசாகச் சொல்லி முடித்தது. எக்கோவோடு. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

தறி நின்றுபோன மாதிரி எல்லாரும் நின்றார்கள். பெண்ணின் அம்மா கை கழுத்துக்குப் போய்விட்டது. அத்தை கேட்டார்: “யாரு கொரல் அது?”

செல்வம் என்னைப் பார்த்தான். நான் வடைப் பொட்டலத்தோடு கதவோரம். வாயைத் திறந்தால் அதே குரல்தான் வரும். திறக்கவில்லை.

டீ குடிக்கவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று கிளம்பிவிட்டார்கள். பூவை எடுக்கவில்லை, புடவை மேலேயே இருந்தது.

சாயந்திரம் செல்வத்துக்குப் போன் வந்ததாம். வேற எடத்துல பாத்துக்கறோம், தப்பா எடுத்துக்காதீங்க.

ஆவணி 10, திங்கள்

காலை ஆறரைக்கு செல்வம் வந்தான். பெட்டி மஞ்சள் பையில். ஒயரையெல்லாம் ஒழுங்காகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு.

“பாப்பா எழுந்துச்சாணா?”

“எழுப்பறேன், உக்காரு.”

“வேணாம், தூங்கட்டும்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். திட்டவில்லை. பையை டீப்பாய் மேல் வைத்துவிட்டு, “சாந்திக்கு மனசு சரியில்லணா” என்றான். போய்விட்டான். பாதிப் புடவை இன்னும் தறியில். முகூர்த்தத்துக்கென்று ஆரம்பித்து, வார்த்தை விழுந்த புடவையை யாருக்கு என்று நெய்வான்.

நி. எழுந்து பையைப் பார்த்தாள். கேட்டாள். சொன்னேன். பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பிளாஷ் டெஸ்ட் பண்ணியிருக்கணும். என் தப்புப்பா.”

பிளாஷாம். பெட்டி என்ன சொன்னது என்பதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

 விஜயா அன்றைக்கே சொல்லிவிட்டாள், சந்தி வேளையில் என்று.

இரண்டு வருஷம் முன்னால் கோயில் வாசலில் அவள் தாலிக்கயிறு நைந்து கையோடு வந்தபோது, நான்தான் அவள் அண்ணனுக்குப் போன் செய்தேன். ‘கயிறு பெருகிப்போச்சு, புதுசு மாத்தணும்’ என்றேன். அந்த வார்த்தை என் வாயில் வரவே இல்லை. செத்தவனை இயற்கை எய்தினார் என்று சொல்லிச் சோறு தின்கிறவன். எந்த வீட்டில் எதை எப்படிச் சொல்லணும் என்பதுதான் என் தொழிலே. சொந்த மகள் கேட்டாள், வேறு அர்த்தம் வராதே என்று. பூத்துச்சுன்னா சொல்வாங்க என்று கிண்டல் செய்தேன்.

குழாய் ஸ்பீக்கர் சரியாகிவிட்டது. இப்போது இரண்டும் நன்றாகக் கேட்கிறது. பேஜார்.

ஆவணி 12, புதன்

பெரணமல்லூர் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. போகிற வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன், மைக் இல்லாமல் பேசுவது எப்படி என்று.

வீடு கண்டுபிடித்து, வாசலில் நின்று, “அம்மா, ஆரணியிலேர்ந்து வரேங்க” என்றேன். அவ்வளவுதான். பெண்ணின் அம்மா முகம் மாறிவிட்டது. குரல் தெரிந்துவிட்டது.

ஆனாலும் உட்கார வைத்தார். மோர் கொடுத்தார். சொல்ல வந்ததைச் சொன்னேன். வார்த்தை என்னுடையது, செல்வத்துக்குச் சம்பந்தமில்லை, மெஷின் வெளிச்சத்தைப் பார்த்துத் தப்பாகச் சொல்லிவிட்டது, நூல் ஒன்றும் ஆகவில்லை, நல்ல கை அவன் கை.

எல்லாம் கேட்டுக்கொண்டார். “மெஷினுன்னு எங்களுக்கும் தெரியுங்க. அந்தத் தம்பி மேலயும் கோவம் இல்ல. நாளைக்கு எம்பொண்ணுக்குச் சும்மா ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்கு அந்த வார்த்தைதாங்க ஞாபகத்துக்கு வரும். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?”

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். 

கிளம்பும்போது கேட்டார். “உங்களுக்கு ஒரே பொண்ணுங்களா?”

“ஆமாங்க.”

“நல்லா இருக்கட்டும்.”

பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன்: “இன்னா மணியண்ணே, இந்தப் பக்கம்? இங்க யாரு போயிட்டாங்க?”

ஆவணி 13, வியாழன்

மேடம் வந்தார். சின்னப் பெண்தான், நி.யைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். இட்லி நன்றாக இருந்தது என்றார்.

ஹாலில், கட்டில் காலில் நூலை இழுத்துக் கட்டி நி. பெட்டியை ஓட்டிக் காட்டினாள். என் குரலை எடுத்துவிட்டாள், வெறும் விளக்கு மட்டும் எரிந்தது. நன்றாகத்தான் எரிந்தது. பிளாஷ் அடித்தும் காட்டினாள், ஏமாறவில்லை.

நான் சமையல்கட்டில், விஜயாவோடு. காது மட்டும் ஹாலில்.

“ஐடியா நல்லா இருக்கு நிவேதா. ஆனா கட்டில் கால்ல பாத்து நாங்க எடுக்க முடியாது. ஒரு வீட்ல ஓடிட்டு இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, ஏன் நிறுத்திட்டாங்க?”

“அது ஒரு டெக்னிக்கல் இஷ்யூ மேடம்.”

டெக்னிக்கல் இஷ்யூ சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தது.

எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். விஜயா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “நீ பேசினது போதும்.”

ஒரு மாசமாவது ஒரு வீட்டில் ஓடட்டும், அப்புறம் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் கார் ஏறினார். எந்த வீட்டில்? ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. நி. நேற்று மூன்று வீட்டில் கேட்டாளாம். ஒரு வீட்டில் அந்தம்மா, “மணியண்ணன் கத்துமே, அந்தப் பொட்டியா?” என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

ஆவணி 15, சனி

வெயில் கொளுத்தல். செல்வம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் தவறிவிட்டார். அறிவிப்பு எனக்குத்தான் வந்தது. வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். “உன் கொரல்ல சொன்னாதான் ஜனம் நம்பும்” என்கிறார்கள். இப்படி ஒரு பெருமை.

எல்லாத் தெருவும் போனேன். செல்வம் வீடு வந்தபோது மைக்கை அணைத்துவிட்டேன். தறிச் சத்தம் கேட்டது. அப்படியென்றால் நெய்கிறான், அந்தப் புடவையைத்தான். சத்தமில்லாமல் ஆட்டோவைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு போகிறேன்.

தறி நின்றது. செல்வம் வாசலுக்கு வந்தான்.

“இன்னாணா, யாருன்னு சொல்லாமலே போற?”

மைக் இல்லாமல் பேர் சொன்னேன். மெதுவாக.

“அவரா. எப்ப எடுக்கறாங்க?”

“நாலு மணிக்கு.”

தலையை ஆட்டினான். உள்ளே சாந்தி நிற்பது தெரிந்தது. இரண்டு பேரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் திரும்பிப் போய்த் தறிக்குழியில் இறங்கிவிட்டான். தெருக்கோடி போய்த்தான் மைக்கைப் போட்டேன். இயற்கை எய்தினார் என்பதில் இழுப்பு வரவில்லை.

ஆவணி 16, ஞாயிறு

மூட்டம். நி. காலை பஸ்ஸில் சென்னை போய்விட்டாள். பழைய கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்களாம், பேசிவிட்டு வருகிறேன் என்றாள். பேசிவிட்டு வருவதற்கு எதற்கு இரண்டு பெட்டி துணி என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக, “மாத்திரை போடுங்கப்பா” என்றாள்.

மத்தியானம். பெட்டி கட்டிலுக்கு மேலே அப்படியே, கால்களில் நூலும் அப்படியே. தொடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். பிளக்கைப் போட்டேன். கத்தரிக்கோலால் ஒரு நூலை நறுக்கினேன்.

பெட்டியிலிருந்து நி. குரல். சத்தம் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி: ‘சித்தப்பா, இங்க கொஞ்சம் பாருங்க.’

எக்கோ இல்லை.

விஜயாவைக் கூப்பிட்டேன். “இது எப்ப பேசி வெச்சா?”

“செல்வம் கொண்டாந்து குடுத்த அன்னிக்கே பேசிட்டா, நேத்து ராத்திரிதான் பொட்டியில ஏத்தினா. உன்னாண்ட சொல்ல வேணான்னா.”

“ஏன்?”

“நீ எக்கோ போடச் சொல்லுவ.”

மூன்று தடவை இல்லை. ஒரு தடவை சொல்லும். யாரும் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும், அதே நிதானத்தில். பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். மனசு வரவில்லை. நூலை முடி போடலாம் என்று பார்த்தால், எனக்கு அந்த முடிச்சு தெரியாது. விரலில் சிக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

‘சித்தப்பா, இங்க கொஞ்சம் பாருங்க.’

விஜயா உள்ளேயிருந்து: “அதுதான் கூப்பிட்டுகினே கீதே. போய் செல்வத்த இட்டுகினு வாயேன்.”

சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே போய் முதல் வார்த்தை என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.